மன்னரின் சகோதரருக்கு எந்தப் பட்டம்?

கேள்வி: 1150 முதல் 1170 வரை பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். பேரரசர் மனுவேலின் கற்பனைச் சகோதரருக்கு சீசர் பட்டம் கொடுத்திருக்கிறேன். அவருக்குப் பிறகு அது மகனுக்குப் போகிறது. சரிதானா?

பதில்: இரண்டையுமே மாற்றுங்கள். உங்கள் கதைக் காலத்தில் மன்னரின் சகோதரருக்குரிய பட்டம் செபாஸ்டோக்ராட்டர்.

1081 வரை பேரரசருக்கு அடுத்த இடம் சீசருக்குத்தான். அந்த ஆண்டு மனுவேலின் தாத்தா அலெக்சியோஸ் கொம்னேனோஸ் அரியணையைப் பிடித்தபோது ஒரு சிக்கல். போட்டிக்கு நின்ற நிக்கிஃபோரோஸ் மெலிசினோஸ் அவருடைய சகோதரியின் கணவர். சமாதானத்துக்காக அவருக்கு சீசர் பட்டம் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அரியணைக்கு வழிவிட்ட சொந்த அண்ணன் ஐசக்கை அதற்குக் கீழே நிறுத்த முடியுமா? சீசருக்கு மேலே செபாஸ்டோக்ராட்டர் என்று புதிதாக ஒரு பட்டத்தையே உண்டாக்கி அண்ணனுக்குக் கொடுத்தார். அலெக்சியோஸின் மகள் அன்னா கொம்னேனா இதை எழுதிவைத்திருக்கிறார். மனுவேலின் அண்ணன்களில் இருவரும் இந்தப் பட்டம் பெற்றவர்களே. ஒரே காலத்தில் இருவர் மூவர் அதை வைத்திருக்கலாம்.

அப்புறம் வாரிசு விஷயம். பேரரசர் ஆளுக்கு ஆள் கொடுப்பதுதான் இந்தப் பட்டம், தந்தை வழியாக வருவதல்ல. பின்னாளில் பேரரசரான ஆண்ட்ரோனிகோஸின் தந்தை ஒரு செபாஸ்டோக்ராட்டர். மகனுக்கு அது தானாக வந்துவிடவில்லை. மனைவிக்கு மட்டும் கணவரின் நிலை உண்டு: செபாஸ்டோக்ராட்டோரிஸ்ஸா. மனுவேலின் அண்ணன் ஆண்ட்ரோனிகோஸின் (இவர் வேறு ஆண்ட்ரோனிகோஸ்) மனைவி ஐரீன் அப்படி அழைக்கப்பட்டவர். கணவரை இழந்த பிறகும் புலவர்களை ஆதரித்தார், மனுவேலின் சந்தேகத்துக்கு ஆளாகிச் சிறையிலும் இருந்தார். நாவலில் இவரை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, 1163-இல் உங்கள் நாயகன் ஒரு படி இறங்கவேண்டும். ஆண் வாரிசு இல்லாத மனுவேல், மகள் மரியாவை மணக்கவிருந்த ஹங்கேரி இளவரசர் பேலாவுக்கு டெஸ்பாட் என்று அதைவிட உயர்ந்த பட்டம் கொடுத்தார். 1169-இல் மனுவேலுக்கு மகன் பிறந்தான். நிச்சயதார்த்தம் முறிந்தது, பேலா வெறும் சீசரானார். அரண்மனைக்குள் இந்த ஏற்ற இறக்கத்தை உங்கள் நாயகன் பக்கத்திலிருந்து பார்க்கிறான் அல்லவா? கதையின் பிற்பகுதியை அங்கே வைத்துப் பாருங்கள். பேலா ஹங்கேரிக்கு மன்னரானது 1172-இல்தான் என்பதால், கதை முடியும்போது அவர் இன்னும் கான்ஸ்டான்டிநோபிளில்தான் இருப்பார்.