டவர் பிரிட்ஜ் அவ்வளவு எடையை எப்படித் தூக்குகிறது?

லண்டன் டவர் பிரிட்ஜின் நடுச்சாலை, கப்பல் போவதற்காக இரண்டு கதவுகளாகப் பிரிந்து மேலே எழும்; அதில் ஒரு கதவே ஆயிரம் டன்னுக்கு மேல், அதை எந்த எஞ்சின் தூக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சினை விடுங்கள், கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டர்பனில் எங்கள் தாத்தா கையைத் துலாமரம் மாதிரி நீட்டிக் காட்டுவார்: பின்முனையில் கல் கட்டினால் முன்முனையில் நிறைந்த வாளி லேசாக எழும். அதேதான். கதவின் குட்டையான பின்முனையில் ஈயமும் இரும்புமாக 400 டன்னுக்கு மேல் வைத்திருக்கிறார்கள். பாலம் திறக்கும்போது அது தூணுக்குள் இருக்கும் பெரிய அறையில் இறங்க, சாலை மேலே எழுகிறது. சரி, மிச்ச விசை? 1894-ல் திறந்தபோது நிலக்கரி எரித்து, நீராவியால் தண்ணீரை அழுத்தத்தில் சேமித்து வைத்து, வேண்டும்போது அதைத் திறந்துவிட்டுக் கதவைத் தூக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், எப்போதும் தயாராக இருக்கும் விசை! 1976-லிருந்து தண்ணீருக்குப் பதில் எண்ணெய், அதை அழுத்துவது மின்சாரம்.

மகளைப் பார்க்கப் போயிருந்தபோது நடுவில் நின்றேன். இரண்டு கதவும் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி, கீழே தேம்ஸ் பழுப்பாக ஓடுவது தெரியும், பேருந்து கடந்தால் பாதத்தில் அதிர்வு ஏறும். அப்புறம், இன்றைக்கும் 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டால் உயரமான கப்பலுக்கு இலவசமாகத் திறப்பார்கள், வண்டிகள்தான் காத்திருக்க வேண்டும்.