பேனரில் முகம் சிவக்கிறது: ஹெட் மாற்றணுமா?

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எக்கோ சால்வென்ட் மெஷின், நானேதான் ஓட்டுகிறேன். விலை குறைவு என்று போன மாதம் வேறு கம்பெனி இங்க்குக்கு மாறினேன். அதிலிருந்து ஆடிக் கொடை பேனர்களில் எல்லார் முகமும் சிவந்து வருகிறது, சந்தன நிறம் ரோஸாகிறது. சர்வீஸ் ஆள் ஹெட் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. மெஷினிலேயே விலை கூடிய பாகம், இங்க்கைத் தெளிக்கிற அந்த ஹெட்தான். அது கெட்டுப்போனதற்கு ஆதாரம் கையில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.

முதலில் ஒரு நாசில் செக் (ஹெட்டில் உள்ள நுண்துளை ஒவ்வொன்றும் கோடு போட்டுக் காட்டும் சோதனைத் தாள்) எடுங்கள். உடனே நாலு கலரும் அடர்த்தியாக விழுகிற மாதிரி ஒரு மீட்டர் ஓட்டிவிட்டு, மறுபடியும் ஒரு நாசில் செக் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சியான் என்கிற நீலக் கோடு விட்டுப்போனால் முகமும் சந்தனமும் சிவப்புப் பக்கம்தான் சாயும். முதல் தாளில் கோடு முழுசாக இருந்து இரண்டாவதில் விட்டுப்போயிருந்தால், ஹெட்டுக்கு இங்க் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். டேம்பர் (ஹெட்டுக்கு முன்னால் இங்க்கை வடிகட்டும் சின்ன டப்பா) அடைத்திருக்கும், இல்லையென்றால் டியூபில் காற்று ஏறியிருக்கும். டேம்பர் விலை ஹெட் விலைக்குப் பக்கத்திலேயே வராது. பழைய இங்க்கை ஃப்ளஷ் செய்யாமல் அதன் மேலேயே புதியதை ஊற்றினீர்களா? ஒத்துப்போகாத இரண்டு இங்க் கலந்தால் திரிந்து டேம்பர் வலையில் போய் அடைக்கும்.

இரண்டு தாளிலும் கோடு முழுசாக இருந்தால் ஹெட் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இதுதான் படுகிறது. ஃபைலை மெஷினுக்குப் புள்ளிகளாக மாற்றிக் கொடுக்கும் ரிப் சாஃப்ட்வேரில், எந்த நிறத்துக்கு எவ்வளவு இங்க் என்று சொல்லும் புரொஃபைல் இருக்கிறது. அது பழைய இங்க்கை அளந்து போட்டது. புது சியானும் புது மெஜந்தாவும் (ரோஸ் இங்க்) அதே அளவு விழுந்தாலும் அதே நிறம் தராது. சோதிக்க ஒரு சாம்பல் கட்டம் போதும்: ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றும் 128. கருப்பு இங்க் மட்டும் விழுகிற சாம்பலை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகு வாசலில், வெயில் நேராகப் படாத நிழலில் வைத்துப் பாருங்கள். கடை டியூப்லைட்டை நம்ப வேண்டாம். சாம்பலே சிவந்திருந்தால் கோளாறு புரொஃபைலில். சாரல் நாளில் இங்க் மெதுவாகக் காயும், அதனால் ஹீட்டரையும் கவனியுங்கள்.

உங்கள் மெஷினுக்கும், இந்த ஃபிளெக்ஸுக்கும், நீங்கள் ஓட்டும் பாஸுக்கும் (ஹெட் ஒரே இடத்தில் எத்தனை தடவை ஓடுகிறது என்பது) பொருந்துகிற புரொஃபைலை இங்க் விற்றவரிடம் கேளுங்கள். அவரிடம் இல்லையென்றால் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டு லீனியரைசேஷனிலிருந்து (ஒவ்வொரு இங்க்கும் விழும் அளவைச் சீராக்கும் முதல் படி) புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதுவரை கோரல்டிராவில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து சிவப்பைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். கொடை முடிந்து கல்யாண ஆர்டர் வரும்போது எதைத் திருத்தினோம், எதை விட்டோம் என்றே தெரியாமல் போகும்.

‘நிறம் மாறாது’ என்று சொல்லி விற்றிருந்தால், அப்படிச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி, பில், பாட்டிலில் உள்ள பேட்ச் எண், தேதி எழுதிய நாசில் செக் தாள்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்கு வாங்கிய பொருளைப் பொதுவாக ஏற்காது. ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவரையும் அது நுகர்வோர் என்றே சொல்கிறது. உங்களைப் போல் தானே மெஷின் ஓட்டுகிறவருக்கு அந்த இடம் உண்டு. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

அப்புறம், சர்வீஸ் ஆள் திரும்ப வந்தால் ஹெட்டைக் கழற்ற விடுவதற்கு முன் அந்த இரண்டு தாள்களையும் காட்டுங்கள். எந்த நாசில் போயிருக்கிறது என்று அதிலேயே குறித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.