கொள்ளிடம் படுகை: ஆடி வெள்ளத்துக்கு ஒரு வழி, ஐப்பசி மழைக்கு வேறு வழி

கேள்வி: கொள்ளிடக் கரைக்கு உள்ளே, படுகையில் ஒன்றரை ஏக்கரில் கத்திரி, மிளகாய் வைக்கிறேன். கரைக்கு வெளியே 2 ஏக்கர் சம்பா. கறவை மாடு மூன்று. ஆடியில் காவிரி உபரி நீர் வந்தால் காய்கறி போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நெல் மூழ்குகிறது. சேதத்தைக் குறைக்க என்ன செய்யலாம்? (ஒரு விவசாயி, மயிலாடுதுறை மாவட்டம்)

பதில்: உங்களுக்கு வருவது இரண்டு வெவ்வேறு வெள்ளம். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்கு உதவாது.

ஆடி வெள்ளம் கர்நாடகத்து மழையால் வருவது. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டதும் உபரி நீர் திருச்சி அருகே முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் இறங்கும். 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் ஆகிய கரையோர ஊர்கள் எல்லாம் மூழ்கின. ஆனால் இந்த வெள்ளம் சொல்லிவிட்டு வருகிறது. மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வர ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். அணை 115 அடியைத் தாண்டி நீர்வரத்தும் ஏறினால் காத்திருக்க வேண்டாம். மோட்டாரையும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

படுகையில் ஆடி, ஆவணியில் காய்கறி நிற்கவே கூடாது. இதில்தான் பெரும் நஷ்டம் தவிரும். கத்திரிக்குக் கார்த்திகைக் கடைசியில் கரைக்கு வெளியே மேட்டில் குழித்தட்டில் நாற்று விட்டு, தை பிறக்கும் சமயத்தில் நட்டால் ஆனிக்குள் பறித்து முடிக்கலாம். மிளகாய் ஆறேழு மாதம் நிற்கும் பயிர். படுகைக்கு ஒத்துவராது, வெளியே மேட்டுக்கு மாற்றுங்கள். ஆடியில் நிலத்தைச் சும்மா விட மனமில்லையென்றால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். வெள்ளம் வந்தால் விதைக்காசுதான் நஷ்டம். வராவிட்டால் மடக்கி உழுது உரமாக்கலாம். தப்பித்தவறி கத்திரி நீரில் நின்றுவிட்டால், வடிந்ததும் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேரில் ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கு மேல் நீர் நின்ற செடிக்குச் செலவழிப்பது வீண்.

கரையடியில் நீர் கசிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி, மண்ணோடு வந்தால் கரை உள்ளே அரிக்கிறது. கசியும் வாயை அடைக்காதீர்கள், அடைத்தால் பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும். அந்த வாயைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் உயர விட்டால் அழுத்தம் குறைந்து மண் வருவது நிற்கும். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பினால்தான் ஒன்றோடொன்று படியும். உடனே நீர்வளத் துறைக்கும் 1077-க்கும் சொல்லுங்கள்.

சம்பாவை முக்குவது ஆறு அல்ல, மழை. 2022 நவம்பர் 11, 12-ல் சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 செ.மீ. பெய்தது. அவ்வளவு மழைக்கு எந்த வடிகாலும் தாங்காது. ஆனால் வயல் மூன்று நாளில் வடிவதும் பத்து நாளில் வடிவதும் வடிகாலைப் பொறுத்ததுதான். புரட்டாசிக்குள் வடிகாலில் உள்ள ஆகாயத்தாமரையையும் நெய்வேலி காட்டாமணக்கையும் வேரோடு எடுங்கள். உங்கள் வயலுக்குக் கீழே உள்ளவர் வாய்க்காலும் சுத்தமாக இருந்தால்தான் பலன், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லில் மூழ்கலைத் தாங்கும் ரகம் சி.ஆர். 1009 சப் 1. வயது 155 நாள். ஆவணி முதல் வாரத்துக்குள் நாற்று விட்டு, 30-35 நாள் நாற்றாக நடுங்கள். ஐப்பசி மழைக்குள் தூர் பிடித்துவிடும். சாதாரண ரகம் மூழ்கினால் தண்ணீருக்கு மேல் தலை நீட்டப் பார்த்து இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்து, வடிந்ததும் சாய்ந்துவிடும். சப் 1 வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமிக்கும், 10-14 நாள் தாங்கும். பூக்கும் தருணத்தில் மூழ்கினால் இந்தக் குணமும் காப்பாற்றாது. மழை எச்சரிக்கை வந்தபின் யூரியா வீசாதீர்கள். கூடுதலாக 2 சென்ட் நாற்றை மேட்டில் வைத்திருங்கள், பயிர் செத்த இடத்தில் நட உதவும்.

நீர் வடிந்ததும் அவசரப்பட்டு உழுதுவிட வேண்டாம். நான்கைந்து இடத்தில் ஒரு குத்தைப் பிடுங்கி, தூரின் அடியை நகத்தால் பிளந்து பாருங்கள். குருத்தடி வெண்மையாக, கெட்டியாக இருந்தால் பயிர் பிழைக்கும். பழுத்துக் கொழகொழவென்று நாறினால் போய்விட்டது. பிழைத்த பயிரில் புது இலை வரும்வரை மேலுரம் கூடாது. இலை வந்து மஞ்சளாக இருந்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட்டை 200 லிட்டர் நீரில் கலந்து தெளியுங்கள். அதன்பின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கைக் கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். தூர் செத்த இடத்தில் பக்கத்துக் குத்தைப் பிரித்து நடலாம்.

மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசியை வைகாசியிலேயே போட்டுவிடுங்கள். வெள்ளம் வந்தபின் போட்டால் எதிர்ப்புச் சக்தி வர நாளாகும். வைக்கோல் போரைப் பரண் மேல் ஏற்றுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் போடாதீர்கள், வண்டல் படிந்த புல்லை அலசிப் போடுங்கள். நீர் ஏறும் இரவில் கட்டுத்தறியில் கட்டி வைக்காமல் முதல் எச்சரிக்கையிலேயே கரைக்கு ஓட்டிவிடுங்கள். மாடு நோயுற்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.