பிரித்துப் படியுங்கள்

கேள்வி: ஐயா, என் மகன் படிப்பை முடித்துவிட்டு இப்போதுதான் வேலைக்குப் போகிறான். ஜெயிக்க வாய்ப்பே இல்லாத மூன்றாவது கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவேன் என்று அடம் பிடிக்கிறான். இவர்கள் எல்லாம் ஓட்டைப் பிரிக்கத்தானே நிற்கிறார்கள்? நமக்கு ஆகாதவர் ஜெயித்துவிட்டால் யார் பொறுப்பு? இதனால் வீட்டில் ஒரு வாரமாக எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை. அப்புறம், தினமும் படுக்கப் போகும் முன் நீங்கள் என்ன படிப்பீர்கள் என்றும் சொல்லவும்.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, ‘பிரிக்க’ என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். பேனா அழுந்தியதில் தாளின் பின்பக்கம் வரை தடம் விழுந்திருக்கிறது. அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

காலையில் பேப்பரைப் பிரிக்கிறோம். ராத்திரி புத்தகத்தைப் பிரிக்கிறோம். மழைக்கு முன்னால் பழைய கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்கிறோம். ஊரில் கூழ் ஊற்ற வீட்டுக்கு வீடு பணம் பிரிக்கிறோமே, அங்கே பிரிப்பது என்றால் ஒன்று சேர்ப்பது. இத்தனை நல்ல வேலை செய்கிற சொல் தேர்தல் வந்தால் மட்டும் திருட்டுப் பட்டம் வாங்கிக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் தாத்தா கற்றாழை நாரில் கயிறு திரிப்பார். கயிற்றின் ஒவ்வொரு இழைக்கும் பிரி என்றுதான் பெயர். முதலில் இரண்டு பிரியை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வருவார். முறுக்கு ஏற ஏற இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மூன்றாம் பிரியை வைத்து, கட்டை விரலால் அழுத்தி, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே போவார். விரலில் காய்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்து நாரை நனைத்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு பிரிக் கயிறு கன்றுக்குட்டி கட்ட ஆகும், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்ட ஆகாது என்பார். கிணற்றடியில் மாடு பின்னால் போய் முன்னால் வந்து சால் தண்ணீரை இழுக்கும்போது அந்த வடம் முனகுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கயிறு உதாரணம் தேர்தலுக்கு நியாயம் ஆகிவிடாது, தெரியும். ஆனால் ‘பிரி’ என்றதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது பகை, எனக்கு வந்தது தாத்தாவின் கட்டை விரல்.

இன்னொரு பிரிப்பும் இருக்கிறது. அதற்காக நான் நெடுநாள் சண்டை போட்டவன். சந்தி பிரிப்பது. பழம்பாடல் ஒன்றைச் சந்தி பிரித்து இந்தப் பத்திரிகையில் வெளியிட்டபோது, காட்பாடியிலிருந்து ஒரு புலவர் பதினோரு பக்கம் எழுதினார். செய்யுளின் எலும்பை முறித்துவிட்டீர் என்று ஆரம்பம். பதினோரு பக்கத்திலும் பத்தி இல்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை, முற்றுப்புள்ளி கடைசிப் பக்கத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பென்சிலை வைத்துக்கொண்டு அவருடைய கடிதத்தைச் சந்தி பிரித்துத்தான் படித்தேன். பிரித்த பிறகு பார்த்தால் அருமையான வாதம்! அதை அவருக்கே எழுதினேன். அதற்கும் ஒன்பது பக்கம் வந்தது. அவர் இப்போது இல்லை. என் கட்சி மாறவில்லை. 1950களில் பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் கொண்டுவந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் பண்டிதர் துணையில்லாமல் அவற்றைத் தொட முடிந்தது.

நம் பழைய வடாற்காடு ஜில்லாவின் பெயரில் இருக்கிற ‘ஆற்காடு’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு காடு என்று பிரித்தால் முனிவர்கள் தவம் செய்த ஆறு வனங்கள் என்று கதை விரிகிறது. ஆர் காடு என்று பிரித்தால் ஆத்தி மரக் காடு. பிரிக்கிற இடம் மாறினால் ஊரே மாறுகிறது. எங்கே பிரிப்பது என்று முடிவு செய்கிற உரிமை படிக்கிறவனுக்கு உண்டு என்பது என் வாதம்.

சரி, ஓட்டுக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் நம் வேலூர் மக்களவைத் தொகுதியில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. தி.மு.க. 4,85,340. இரட்டை இலையில் நின்ற புதிய நீதிக் கட்சித் தலைவர் 4,77,199. வித்தியாசம் 8,141. மூன்றாவதாக வந்த நாம் தமிழர் கட்சியின் பெண் வேட்பாளர் 26,995. உடனே டீக்கடை தோறும் கணக்குப் போட்டார்கள்: ‘அந்தம்மா ஓட்டைப் பிரிக்காம இருந்தா…’ அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். அந்த 26,995 பேரும் வீட்டில் உட்காராமல் பெரிய கட்சிகளில் ஒன்றுக்குப் போட்டிருந்தாலும், அவர்களில் 17,568 பேருக்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் முடிவு மாறியிருக்கும். மூன்றில் இரண்டு பங்கு! அப்படிச் சாய்ந்திருப்பார்கள் என்று சொல்ல யாரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? இரண்டு பேரும் வேண்டாம் என்றுதானே அவர்கள் மூன்றாவது பொத்தானுக்குப் போனார்கள்? நோட்டாவுக்கே ஒன்பதாயிரத்துக்கு மேல் விழுந்தது. நோட்டாவைப் பார்த்து ஓட்டைப் பிரித்தாய் என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை.

உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவும் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் காட்பாடியில் வித்தியாசம் வெறும் 746. அப்படி ஒரு தொகுதியில் மூன்றாமவர் பக்கம் போன ஒரு சின்னக் கூட்டம் முடிவை மாற்றிவிட முடியும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் புளோரிடாவில் 537 ஓட்டில் தீர்ந்தது. அங்கே மூன்றாவதாக நின்ற ரால்ப் நாடருக்கு 97,488 ஓட்டு. இத்தனை வருஷம் ஆகியும் அவர்கள் அந்தச் சண்டையை விடவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது: 2024இல் நம் தொகுதியில் வித்தியாசம் 2,15,702. மூன்றாவதாக வந்தவருடைய ஓட்டு மொத்தத்தையும் இரண்டாமவருக்குத் தூக்கிக் கொடுத்தாலும் எட்டியிருக்காது. ஆகவே ‘பிரித்துவிட்டார்கள்’ என்பதைத் தொகுதி தொகுதியாக, எண்ணை வைத்துப் பேச வேண்டும். தோற்றவர் வீட்டு வாசலில் நின்று பேசக் கூடாது.

நம் ஜில்லாவுக்கு இதில் மூத்த அனுபவம் இருக்கிறது. 1952இல் முதல் பொதுத்தேர்தல். சென்னை மாகாண சட்டசபையில் 375 இடம். காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. வடாற்காட்டிலும் செங்கல்பட்டிலும் வேரூன்றியிருந்த காமன்வீல் கட்சி 6 இடம் பிடித்தது. ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது அந்தக் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரி ஆனார். கட்சி பிறகு காங்கிரசில் கரைந்துபோனது, அது எனக்கு ஒப்பான முடிவில்லை. ஆனால் அந்த ஆறு பேருக்கு ஓட்டுப் போட்ட நம் பாட்டன் பாட்டிகளைப் பார்த்து வீணடித்தீர்கள் என்று யார் சொல்ல முடியும்?

பயம் போக ஒரு வழி உண்டு. இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுகிற முறை. 1969 ஜனாதிபதி தேர்தலில் வி.வி. கிரிக்கு முதல் சுற்றில் 4,01,515. சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. மூன்றாவதாக வந்த சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதி இல்லை. பின்தங்கியவர்களின் சீட்டுகளில் இரண்டாவது விருப்பம் யாருக்கு என்று எண்ணி, கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேஷ்முக்குக்குப் போட்டவர்களின் மனசு கடைசிச் சுற்று வரைக்கும் எண்ணப்பட்டது. இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. 1986இல் தமிழ்நாட்டுச் சட்ட மேலவையைக் கலைக்கும் வரை, அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கப் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் இப்படித்தான் ஓட்டுப் போட்டார்கள். பட்டம் வாங்கியவருக்குக் கொடுத்த வசதியைக் கைத்தறி நெய்கிறவருக்கும் பீடி சுற்றுகிறவருக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? உங்கள் மகன் தன் கட்சிக்கு 1 போடுவான், உங்களுக்கு வேண்டியவருக்கு 2 போடுவான். உங்கள் வீட்டில் சோறும் குழம்பும் பேச்சோடு பரிமாறப்படும்.

அந்த முறை வரும் வரைக்கும் ஒன்று மனசில் வையுங்கள் அம்மா. நம் ஊரில் ஓட்டை நிஜமாகவே நாசம் பண்ணுகிற பிரிப்பு வேறு. 2019 ஏப்ரல் 18இல் நடக்க வேண்டிய தேர்தல், இரண்டு நாள் முன்னால் ரத்தானது. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டது. பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதித் தேர்தலே ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. அந்தப் பெயர் வேலூருக்கு வந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. வேறொரு தேர்தல் சமயத்தில் எங்கள் தெருவுக்கும் கவர் வந்தது, ராத்திரி பதினொன்றரைக்கு. கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் செல்போன் வெளிச்சத்தில் ஒரு பெரியவர் கவரைப் பிரித்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். ‘வீட்ல நாலு ஓட்டு, மூணுக்குத்தான் வெச்சிருக்கான்’ என்று வருத்தப்பட்டார். எண்பது வயசு, சுதந்திரத்துக்கு முந்தி பிறந்தவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. உங்கள் மகன் காசு வாங்காமல், ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தே ஒருவருக்குப் போடுகிறான் என்றால், அவன் யாருடைய ஓட்டையும் பிரிக்கவில்லை. தன்னுடையதைத்தான் போடுகிறான். தோற்றவருக்கு அந்த ஓட்டு வேண்டுமென்றால் உங்கள் வீட்டுப் படியேறி அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

இனி, நான் ராத்திரி படிப்பது. நீங்கள் நாவல் பெயர் எதிர்பார்த்திருப்பீர்கள். அதுவும் உண்டு, பத்து பக்கம் தாண்டாது. கண் சொக்குகிற வரைக்கும் நான் படிப்பது படிவம் 20. ஓட்டு எண்ணி முடித்ததும் தேர்தல் அதிகாரி வெளியிடுகிற கணக்கு. இடது ஓரம் வாக்குச்சாவடி எண், மேலே வேட்பாளர்கள் பெயர், நடுவில் எண்கள். முதல் இரண்டு பத்தியில் 312, 287 என்று பெரிய எண்களாக ஓடும். வலது பக்கம் போகப் போக 4, 0, 1, 0, 0, 2. என் கண் அங்கேதான் நிற்கும். மலைக் கிராமத்துச் சாவடி ஒன்றில் ஒரு சுயேச்சைக்கு ஒரே ஒரு ஓட்டு. சுற்று வட்டாரத்தில் வேறு எந்தச் சாவடியிலும் அவருக்கு ஒன்றுகூட இல்லை. யார் போட்டது? அத்தனை பெயருக்கு நடுவில் அந்தச் சின்னத்தைத் தேடிப் பிடித்து அழுத்தியவர் ஆணா, பெண்ணா? வீட்டில் சொன்னாரா, சொல்லாமலே இருந்துவிட்டாரா? ஒரு நாவலாசிரியர் கொடுக்காததை அந்த ஒற்றை எண் எனக்குக் கொடுக்கிறது. விளக்கை அணைத்த பிறகும் அவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் சாவடி எண்ணை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். குடியாத்தம் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிவைக்கிறேன். மகனையும் கூட உட்காரவைத்து, இரண்டு பேருமாகப் பிரித்துப் பாருங்கள்.