நாய் மாடி ஏற வேண்டாம், அப்பா இறங்கட்டும்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறோம். அம்மா காலமான பிறகு அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். அவருக்கு வயது 71. பிரஷர் மாத்திரை எடுக்கிறார். பகல் முழுவதும் சாரத்தோடு கதிரையில் இருப்பவர், மாலை ஐந்து மணிக்கு மட்டும் சட்டை போட்டுக்கொண்டு கீழே போய், வாசலில் படுத்திருக்கும் கட்டாக்காலி நாய்க்கு பிஸ்கட் கொடுக்கிறார். அதை வீட்டுக்குள் எடுத்து வளர்த்தால் அவருடைய உடம்புக்கும் மனதுக்கும் நல்லது என்று நினைக்கிறேன். நோய் வரும் என்று கணவர் பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தச் சட்டைதான். துணையை இழந்து, ஊரையும் விட்டு வந்தவர், கீழே ஓர் உயிர் தனக்காகக் காத்திருக்கிறது என்று உடை மாற்றிக்கொண்டு புறப்படுகிறார். இதை எப்படியாவது காப்பாற்றுங்கள்.

நீங்கள் நினைப்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் எரிக்கா ஃபிரீட்மன் குழுவினர் இதய நோயாளிகள் 92 பேரை ஒரு வருடம் கவனித்து, முடிவை 1980 இல் வெளியிட்டார்கள். வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேரும், இல்லாத 39 பேரில் 11 பேரும் இறந்திருந்தார்கள். சுவீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017 இல் வந்த முடிவின்படி, தனியாக வாழ்வோரில் நாய் வைத்திருந்தவர்களுக்கு மரண ஆபத்து 33 சதவீதம் குறைவு. ஆனாலும் எல்லாம் நாயால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நடக்கத் தெம்பு உள்ளவர்கள்தானே நாய் வளர்க்கத் துணிவார்கள்? அமெரிக்க இதயச் சங்கமும் 2013 இல், இதயத்தைக் காப்பதற்காக மட்டும் பிராணி வளர்க்கத் தொடங்காதீர்கள் என்றே சொன்னது.

நாயை வைத்திருப்பதைவிட, அதற்காக எழுந்து நடப்பதும், அதைக் கவனித்துக்கொள்வதும்தான் மனிதரைத் தேற்றுகின்றன என்பது என் எண்ணம். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் பாசப்பிணைப்போடு தொடர்புடைய ஒக்ஸிடோசின் என்ற ஹோர்மோன் கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015 இல் காட்டினார்கள். அந்தப் பார்வை வாசற்படியிலும் கிடைக்கும்.

ஆகவே நாயை மேலே கொண்டு வராதீர்கள். வீதியில் வளர்ந்த நாயை மூன்றாம் தளத்தில் அடைத்தால் அதற்கும் தவிப்பு. அதோடு, அப்பா கீழே இறங்க இருக்கும் ஒரே காரணமும் போய்விடும். கதிரையில் இருந்தபடியே பிஸ்கட் கொடுப்பார். அந்த நாய் கீழேயே, அவருடைய பொறுப்பில் இருக்கட்டும். காலையும் மாலையும் அவரே உணவு கொண்டு போகட்டும். பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சோறும் முள் எடுத்த மீனும் போதும். வெங்காயம் சேர்ந்த கறி வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு. சாப்பிட்ட இடத்தைக் கழுவிவிட்டால் அயலவர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள்; நாளடைவில் அவரிடம் நாயைப் பற்றி விசாரிப்பார்கள். புது ஊரில் முதல் பேச்சு அப்படித்தான் தொடங்கும். தொடர்மாடி நிர்வாகத்திடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. கால்நடை வைத்தியரிடம் காட்டி, தடுப்பூசி, குடற்பூச்சி மருந்து, கருத்தடைச் சத்திரசிகிச்சை மூன்றையும் செய்வியுங்கள். தடுப்பூசியை வருடாவருடம் போட வேண்டும். அந்த அட்டையை அப்பாவே வைத்திருக்கட்டும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள், சிகிச்சை இலவசம். வயதானவர்கள் நாய் காலில் இடறி விழுவதும் உண்டு. அவர் செருப்பு வழுக்குமா என்று பாருங்கள்.

பிரஷர் மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. அம்மாவின் இழப்பை அந்த நாய் ஈடுசெய்யும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அவர் சாப்பாட்டைக் குறைத்தாலோ, இரவில் தூங்காமல் இருந்தாலோ, ஐந்து மணிக்கும் எழுந்திருக்காமல் விட்டாலோ, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல உதவிச் சேவையின் இலக்கம் 1926. இன்னும் ஒன்று: நாளைக்கு அவர் கீழே போகும்போது, கேட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். அந்த நாய்க்கு அவர் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை.