சினைமாட்டில் கை வைக்கும் முன்

பெரும்போகத்துக்கு வயல் வட்டைகள் உழுபட, மாட்டுப் பட்டிகள் மேச்சல் தரைக்கு நகரும் காலம். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் சினைமாடுகளைப் பற்றியவை. அவசரமானதை முதலில் எடுக்கிறேன்.

வெல்லாவெளி: எங்கட எருமைக்குப் பத்து மாசம் முடிஞ்சிற்று. நேற்று விடியத்தில இருந்து படுக்கிறதும் எழும்புறதுமாக் கிடக்கு, வயிற்றை உதைக்குது. பன்னீர்க்குடம் இன்னும் காணல்ல. பொறுத்துப் பார்க்கலாமா டொக்டர்?

பொறுக்க வேண்டாம். இப்போதே உங்கள் பிரிவு மிருக வைத்தியருக்கு அழைப்பு எடுங்கள். நாள் நிறைந்த எருமை ஒரு பகலும் இரவும் அந்தரப்பட்டும் குடம் வெளிவராவிட்டால், கருப்பை முறுகிவிட்டதோ என்றுதான் முதலில் பார்ப்பேன். பசுவைவிட எருமையில் இது அதிகம். உள்ளே கை விட்டால் பிழிந்த சேலை மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுழன்று ஒடுங்கும் வழிதான் விரலில் படும். கன்றின் கால் எட்டாது.

எருமையைச் சரித்து, விலாவில் நீளப் பலகை வைத்து, அதன்மேல் ஆள் நிற்க, முறுகிய பக்கமாகவே உடம்பை உருட்டுவோம். கருப்பை பலகையின் பாரத்தில் அசையாமல் இருக்கும். உடம்பு சுழன்று வந்து முறுக்கை அவிழ்க்கும். பக்கம் தெரியாமல் உருட்டினால் முறுக்கு இன்னும் இறுகும், ஆகவே நீங்களாக முயல வேண்டாம். நாலு பேர், நல்ல கயிறு, பத்தடிப் பலகை, மெத்தென்ற மணல் தரை, இவ்வளவையும் ஆயத்தமாக வையுங்கள். ஒரு வீட்டில் "தானாப் போடும்" என்று மூன்று நாள் இருந்துவிட்டார்கள். நான் போனபோது கன்று செத்து நாறத் தொடங்கியிருந்தது. தாயையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த எருமைப் பாலில்தான் அந்தக் குடும்பம் தயிர் போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தது.

அக்கரைப்பற்று: ஒரே மாதத்தில் இரண்டு பசு ஏழாம் மாசத்தில் கண்டு விசிறிவிட்டன (நாள் நிறையாமல் போட்டுவிட்டன). இளங்கொடியும் (நஞ்சுக்கொடி) விழவில்லை; தம்பிதான் கையால் இழுத்து எடுத்தான்.

தம்பி கையுறை போட்டிருந்தாரா? அதுதான் என் முதல் கவலை. சினையின் பிற்பாதியில் ஒன்றுக்கு மேல் மாடு கன்று விசிறி, இளங்கொடியும் தங்கினால், மனிதருக்கும் தொற்றும் புருசெல்லோசிஸ் நோய் என்று எண்ணியே நடக்க வேண்டும். கிருமி விசிறும்போது வரும் நீரிலும் கொடியிலும் நிறைந்திருக்கும். கையிலுள்ள சிறு கீறல் போதும். தம்பிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி வந்தால் ஆஸ்பத்திரியில் "விசிறின மாட்டைத் தொட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று போய்விடும்.

விசிறிய கன்றையும் கொடியையும் நாய்க்குப் போடாதீர்கள், வாய்க்காலில் விடாதீர்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்கவோ தயிர் போடவோ கூடாது. பட்டி முழுவதுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மாட்டுக்கு இதைத் தீர்க்கும் வைத்தியம் இல்லை. நாகுக் கன்றுகளுக்கு, அதாவது பெண் கன்றுகளுக்கு, தடுப்பூசி உண்டு. அதைச் சிறுவயதிலேயே போட வேண்டும். இன்னுமொன்று: அந்த இரண்டு பசுவையும் சந்தையில் விற்றுத் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். வாங்குபவரும் உங்களைப் போல ஒரு பட்டிக்காரர்தான்.

இளங்கொடி பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும். தங்கினால் இழுக்கவும் கூடாது, கல் கட்டித் தொங்கவிடவும் கூடாது, கருப்பை கிழியும்.

செங்கலடி: ஜேர்சிக் கலப்புப் பசு, போனமுறை கண்டு போட்ட அடுத்தநாள் விழுந்துபோனது. இது நாலாவது ஈற்று.

அது பாற்காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், காதைத் தொட்டால் குளிர்ந்திருக்கும். மடி பாலுக்கு இழுக்கும் வேகத்துக்கு இரத்தத்தில் கல்சியம் போதாமல் போகிறது. ஒருமுறை வந்த பசுவுக்குத் திரும்பவும் வரக்கூடும். பலர் கடைசி மாதத்தில் கல்சியத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள். அது எதிராகத்தான் முடியும், எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை உடம்பு விட்டுவிடும். கடைசி மூன்று கிழமை கல்சியம் கூடிய இப்பிலிப்பில், சீமைக்கிளுவை மரக் குழையைக் குறைத்து வைக்கோலும் தவிடும் கொடுங்கள். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் கறப்பதை நிறுத்துங்கள். ஈன்ற முதல் நாள் மடியை ஒட்டக் கறக்க வேண்டாம். கன்றுக்குக் கடும்புப் பால் (சீம்பால்) கொடுக்கும் அளவு போதும். விழுந்துவிட்டால் வைக்கோல் மூட்டையால் முட்டுக்கொடுத்து நெஞ்சில் நிமிர்த்தி வையுங்கள். போத்தலால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். நரம்பில் ஏற்றும் கல்சியம் வைத்தியரின் கையால், ஆறுதலாக. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுபோகும்.

கிரான்: எட்டு மாசச் சினை, படுக்கும்போது பின்னால் சிவப்பாகப் பிதுங்குது, எழும்பினால் உள்ளே போகுது.

அது பிறப்புவழி பிதுங்குவது. தலைப்பக்கம் பள்ளமாகவும் பின்பக்கம் மேடாகவும் மண் நிரப்பிக் கட்டுங்கள். சுத்தமான நீரால் கழுவுங்கள், காகமும் நாயும் அண்டவிடாதீர்கள். எழும்பியும் உள்ளே போகாவிட்டால் அன்றைக்கே வைத்தியர்.

வாகரை: சினைமாட்டைப் பட்டியோடு தூர மேச்சலுக்கு அனுப்பலாமா?

ஏழு மாதம் வரை அனுப்பலாம். பிறகு வீட்டோடு. மாதம் தெரிய வேண்டுமானால் சினைப்படுத்திய திகதியை மாட்டுக்கொட்டில் மரத்திலாவது கரியால் எழுதி வையுங்கள்: பசுவுக்கு 280 நாள், எருமைக்கு 310 நாளளவு.