எல்லைக்கோடு நகர்ந்தால் பள்ளிக்கூடம் யார் கணக்கு?

(பள்ளிக்கூட வாசல்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பதில்கள்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எல்லை விரிவாக்கம் பற்றித்தான். 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள், 149 ஊராட்சிகளை இணைக்கப்போவதாக 2025 தொடக்கத்தில் அறிவிப்பு வந்ததிலிருந்தே இந்தக் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. சரி, ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம் என்று எடுத்து வைத்தேன்.

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்களாம். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று ஊரே பேசுகிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்றியப் பள்ளி தானாகவே மாநகராட்சிப் பள்ளி ஆகிவிடுமா?
*ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர், கோவை மாவட்டம்*

ஆகாது. எங்களுக்கு ஆகவில்லை.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆகப் பெருத்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் உள்ளே வந்தன. 155 வார்டு 200 ஆனது. நான் தலைமையாசிரியராக இருந்த ஒன்றிய நடுநிலைப் பள்ளி, தெற்கு ஓரத்தில் அப்படி உள்ளே வந்த ஓர் ஊரில் இருந்தது. ஊர் சென்னைக்குப் போனது. பள்ளி பழையபடி பள்ளிக்கல்வித் துறையிலேயே இருந்தது. போதாக்குறைக்கு வருவாய் மாவட்டமும் 2018 வரை காஞ்சிபுரமாகவே நீடித்தது. குப்பை வண்டி சென்னையுடையது, சாதிச் சான்றிதழ் காஞ்சிபுரம் மாவட்டத்துடையது. இணைந்த பகுதிகளில் இருந்த 139 பள்ளிகளை மாநகராட்சிக்கு மாற்றும் ஆணை 2022 இறுதியில்தான் வந்தது. அதற்கு முன் 281 ஆக இருந்த மாநகராட்சிப் பள்ளிகள் அதன்பிறகு 420 ஆயின. முதல் வகுப்பில் 2011-ல் சேர்ந்த பிள்ளை, ஆணை வந்தபோது பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

நடுவில் அந்தப் பதினொரு வருடம் என்ன ஆனது என்பதுதான் உங்களுக்குத் தேவை. கல்யாணமாகிப் போன பெண்ணின் ரேஷன் அட்டை மாதிரி: பிறந்த வீட்டில் பெயரை எடுத்தாயிற்று, புகுந்த வீட்டில் இன்னும் சேர்க்கவில்லை. எங்கள் பள்ளியின் பின்பக்கச் சுற்றுச்சுவர் ஒரு ஐப்பசி மழையில் சாய்ந்தது. ஊராட்சியாக இருந்தபோது இது பெரிய காரியமே இல்லை. காலையில் டீக்கடையில் தலைவரைப் பிடித்து, "தலைவரே, சுவர் போச்சு, பிள்ளைங்க அந்தப் பக்கம் கால்வாய்" என்றால், முணுமுணுத்துக்கொண்டாவது கொத்தனாரை அனுப்பிவிடுவார். இப்போது மனுவை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "சார், இடம் எங்க பேர்ல இருக்கலாம், கட்டடம் எங்க கணக்குல இல்லையே" என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில், "கட்டடம் எங்களுது, ஆனா மாநகர எல்லைக்குள்ள நாங்க எப்படி நிதி போடறது?" என்றார்கள். இரண்டு பேரும் தன்மையாகத்தான் பேசினார்கள், நாற்காலியும் போட்டார்கள். சுவர்தான் எழும்பவில்லை. ஒரு பெற்றோர் கொண்டுவந்த பழைய தகரத்தையும் சவுக்குக் கம்பையும் வைத்து மறைப்புக் கட்டினோம். அடுத்த மழைக்கு அது பறந்தது.

தண்ணீரும் அப்படியே. மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரின் பேத்தி எங்கள் மூன்றாம் வகுப்பு. அதனால் பள்ளி வால்வை முதலில் திறந்துவிடுவார். அவர் போனபின் லாரித் தண்ணீர். லாரி வராத நாளில் சத்துணவு அம்மா எனக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் ஒன்றும் பேசமாட்டார், எனக்குப் புரிந்துவிடும்.

நீங்கள் வார்டு உறுப்பினர் என்பதால் சொல்கிறேன். இணைப்பு ஆணை வருவதற்குள் பள்ளியின் காகிதங்களைக் கையில் எடுங்கள். பள்ளி நிற்கும் இடத்தின் சர்வே எண், நிலம் யார் பெயரில் என்று காட்டும் 'அ' பதிவேட்டு நகல், நிலத்தின் அளவைக் காட்டும் புலப்பட வரைபடம், மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம், குடிநீர் இணைப்பு, கடைசியாக எந்தத் திட்டத்தில் கட்டடம் கட்டினார்கள் என்ற கோப்பு. ஒன்றிய அலுவலக பீரோவில் இவை எல்லாம் இன்றைக்குக் கிடைக்கும். நாளைக்கு அந்த பீரோ எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த கிராமசபையில், "பள்ளியை எந்தத் தேதியில், யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்? அதுவரை பராமரிப்பு யார்?" என்று தீர்மானம் போடுங்கள். அதைவிட்டால் அப்படிக் கேட்க உங்களுக்கு கிராமசபையே இருக்காது. நகரத்தில் பகுதி சபை என்று ஒன்று 2022 நவம்பர் முதல் நடக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊர் மொத்தமும் ஒரே பந்தலில் உட்கார்ந்து கேட்பது போல இருக்காது.

அப்படியானால் மாநகராட்சியில் சேர்வதே பள்ளிக்குக் கெடுதல் என்கிறீர்களா?
*வாசகர் ஒருவர், திருச்சி*

இல்லை ஐயா. சென்னை போன்ற மாநகராட்சிக்கென்று தனிக் கல்வித் துறை இருக்கிறது, பொறியாளர்கள் இருக்கிறார்கள், சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலாகிறது. சென்னையில் பல மாநகராட்சிப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு உண்டு. 28 பள்ளிகளைப் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் கடனுதவித் திட்டத்தில் புதுப்பித்தார்கள். ஒன்றியப் பள்ளிக்கு இதெல்லாம் கனவு. சேர்ந்தால் முழுசாகச் சேர வேண்டும் என்பதுதான் என் கட்சி. வரியை முதல் அரையாண்டிலேயே சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பத்து வருடம் வாசலில் நிறுத்தினால் அதற்குப் பெயர் விரிவாக்கமா?

என் மகள் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அடுத்த வருடம் ஊரகத் திறனாய்வுத் தேர்வு எழுத வைக்க வேண்டும் என்று வகுப்பாசிரியர் இப்போதே பயிற்சி கொடுக்கிறார். ஊர் நகராட்சியோடு சேர்ந்தால் எழுத முடியுமா? 7.5 சதவீத ஒதுக்கீடும் போய்விடுமா?
*தாய் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்*

அம்மா, இந்தக் கடிதங்களிலேயே சரியான இடத்தில் கை வைத்த கேள்வி உங்களுடையது.

முதலில் நல்ல செய்தி. மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு போகாது. ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாமே அந்தக் கணக்கில் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் இதே மாதிரிதான்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு மட்டும் போய்விடும். அது ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களுக்கு. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாவார்கள்; பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு 1,000 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் வந்த பெண் பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்த வீட்டில் யோசிப்பார்கள். எனக்குத் தெரிந்து அப்படித்தான் சில பெண்கள் கல்லூரி வரை போனார்கள். எங்கள் பக்கம் சென்னைக்குள் வந்தபோது, வீடு அதே ஓலைக்குடிசை, அப்பா அதே கட்டுமரம், ஆனால் பிள்ளை ஒரே நாளில் நகரத்துப் பிள்ளை ஆகிவிட்டது.

உங்கள் மகள் எட்டாம் வகுப்பில் இருப்பதால் இன்னொரு வழி கையிலேயே இருக்கிறது. தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில்தான் எழுத வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி எதுவானாலும் சரி, ஊர் எந்த எல்லையில் இருந்தாலும் சரி. வருடத்துக்கு 12,000 ரூபாய். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியரிடம் அந்தப் பயிற்சியை இதற்குத் திருப்பச் சொல்லுங்கள். மனத்திறன் பகுதி ஏறக்குறைய ஒன்றுதான்.

வார்டு மறுவரையறையில் பள்ளி ஒரு வார்டு, எங்கள் தெரு இன்னொரு வார்டு என்று ஆகிவிட்டது. நடுவில் ஒரு சாலைதான். என் பேரனை வேறு பள்ளிக்குப் போகச் சொல்வார்களா?
*தாத்தா ஒருவர், மதுரை*

சொல்ல முடியாது. நம் அரசுப் பள்ளிகளுக்கு வார்டு எல்லை கிடையாது. தொடக்கப் பள்ளி என்றால் 1 கிலோமீட்டர், நடுநிலை என்றால் 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது அரசுக்குத்தான் கட்டளை, உங்கள் பேரனுக்கு இல்லை.

ஆனால் வேறு ஒரு சிக்கல் வரும். பள்ளி இருக்கும் வார்டின் கவுன்சிலருக்கு உங்கள் தெருவில் ஓட்டு இல்லை. உங்கள் கவுன்சிலருக்குப் பள்ளி தன் வார்டில் இல்லை. இரண்டு பேருமே ஆண்டு விழாவுக்கு மாலை போட்டுக்கொள்ள வருவார்கள், கழிப்பறைக் கதவுக்கு வரமாட்டார்கள். இதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பிடியுங்கள். அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பெற்றோர் உறுப்பினராக யார் வரலாம் என்பதில் வார்டு கணக்கு இல்லை. உங்கள் மருமகளை உறுப்பினராக நிற்கச் சொல்லுங்கள். குழுத் தீர்மானத்தின் நகலை இரண்டு கவுன்சிலருக்கும் கொடுங்கள். கவுன்சிலர் இருப்பதே பெரிய விஷயம், தெரியுமா? சென்னையில் 2016 அக்டோபருக்குப் பிறகு 2022 தேர்தல் வரை ஒருவர்கூட இல்லை. மனு கொடுக்கப் போனால் தனி அலுவலர்தான்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி போன்ற மறுகுடியமர்வு இடங்களிலும் இதே நிலைதானா?
*கல்லூரி மாணவி ஒருவர், சென்னை*

அங்கே கோடு நகர்வதற்கு முன்னால் மனிதர்களை நகர்த்தினார்கள். கூவம் கரையில் இருந்தபோது பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்தார்கள். வீடு மாற்றியதும் எல்லைக்கு வெளியே ஒன்றியப் பள்ளி. பிறகு 2011-ல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி இரண்டும் எல்லைக்குள் வந்தன. பக்கத்திலேயே இருக்கும் பெரும்பாக்கம் அப்போது சேரவில்லை. அங்கேயும் சென்னையிலிருந்து அப்புறப்படுத்தியவர்களைத்தான் குடிவைத்தார்கள். வாங்கப்போகும் வரியைப் பார்த்துக் கோடு போட்டார்களா, இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் போட்டார்களா என்று நீங்கள்தான் ஆராய்ச்சி செய்து எழுத வேண்டும்.

இங்கே எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வீடு இருக்கிறதோ அந்தப் பள்ளியில்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். அதனால் வீடு வாங்கும்போதே பள்ளி எல்லையைத்தான் முதலில் பார்க்கிறோம். அந்த முறை அங்கே வந்தால் நல்லதில்லையா?
*வாசகர் ஒருவர், டெக்சாஸ்*

வேண்டாம் தம்பி. டென்னஸியில் மெம்பிஸ் கதையைப் பாருங்கள். 2011-ல் நகரப் பள்ளி நிர்வாகத்தைக் கலைத்து மாவட்டத்தோடு சேர்க்க மக்கள் வாக்களித்தார்கள். 2013-ல் சேர்ந்தது, 2014-லேயே 6 புறநகர் ஊர்கள் தனி நிர்வாகம் வைத்துக்கொண்டு பிரிந்துபோயின. அதில் ஒன்று ஜெர்மன்டவுன். அந்த ஊரின் பெயரையே தாங்கி, அந்த ஊருக்குள்ளேயே இருந்த 3 பள்ளிகள் அந்த ஊருக்குக் கிடைக்கவில்லை, மாவட்டப் பள்ளி நிர்வாகத்திடமே நின்றன. அங்கே படித்தவர்களில் நிறையப் பேர் ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். நம்மிடம் பராமரிப்புதான் குழப்பம். யார் வேண்டுமானாலும் எந்த அரசுப் பள்ளியிலும் சேரலாம் என்பதையாவது விட்டுவைப்போம்.

எங்கள் பள்ளியும் இணைப்புப் பட்டியலில் இருக்கிறது. 'ஊ.ஒ.ந.நி. பள்ளி' என்ற பெயர்ப் பலகையை இப்போதே மாற்றிவிடலாமா?
*தலைமையாசிரியை ஒருவர், ஈரோடு மாவட்டம்*

கையில் எழுத்துபூர்வமான ஆணை வரும்வரை தொடாதீர்கள். மாற்றுச் சான்றிதழிலும் பழைய பெயரே இருக்கட்டும். ஆணை வந்தபின் சில வருடங்களுக்குப் புதுப் பெயரோடு 'முன்னர்: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி' என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து ஒரு பிள்ளை பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ போய் நிற்கும்போது, அப்படி ஒரு பள்ளியே இல்லை என்பார்கள். 33-ல் தொடங்கும் 11 இலக்கப் பள்ளிக் குறியீட்டு எண்ணையும் சான்றிதழில் தவறாமல் போடுங்கள். அதில் மாவட்டம், ஒன்றியம், ஊர் எல்லாம் அடங்கியிருப்பதால், எல்லை மாறியபின் அந்த எண்ணும் மாறுகிறதா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம், பலகைக்குப் பெயிண்டர் கூலியைச் சொந்தப் பையிலிருந்து கொடுத்துவிடாதீர்கள் அம்மா. பள்ளி மானியத்தில் எழுதலாம். ரசீதில் மட்டும் எந்தப் பெயர் போடுவது என்று முன்கூட்டியே வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்டுவிடுங்கள், தணிக்கையில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.